வெப்பமா, புகையா: விதை உறக்கத்தைக் கலைத்துப் பார்த்த சோதனைக் குறிப்புகள்

காட்டுத்தீ ஓய்ந்த நிலத்தில் முதல் மழைக்குப் பின் நாற்றுகள் கூட்டமாகத் தலைதூக்குவதைப் பார்த்தவர்கள், தீ பட்டால்தான் அந்த விதைகள் முளைக்கும் என்று சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு தொட்டியில் விதையை ஊன்றி முளைக்கவைக்க விரும்புபவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதாது. தீ என்பது விதைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி அன்று. சில நிமிடங்கள் மண்ணைச் சுடவைக்கும் வெப்பம் ஒன்று. மண்மீது படிந்து மழைநீரோடு கீழே இறங்கும் புகையின் வேதிப்பொருள்கள் வேறொன்று. சருகும் புதரும் எரிந்துபோனதால் தரைக்கு வந்து சேரும் ஒளியும், திறந்த மண்ணில் பகலுக்கும் இரவுக்கும் இடையே கூடிவிடும் வெப்ப வேறுபாடும் இன்னொன்று. இவற்றுள் எது எந்த விதையை எழுப்புகிறது என்பதை எளிய கருவிகளைக் கொண்டு தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவே இந்தச் சோதனைகளைச் செய்தேன். முளைக்காத விதையைச் செத்த விதை என்று முடிவுகட்டிக் குப்பையில் கொட்டும் வழக்கம் என்னை நெடுங்காலமாக உறுத்தி வந்தது என்பதும் ஒரு காரணம்.

விதை எந்த வகை உறக்கத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கரோல் பாஸ்கின், ஜெரி பாஸ்கின் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட வகைப்பாடு விதை உறக்கத்தை ஐந்தாகப் பிரிக்கிறது. விதையுறை நீரை உள்ளே விடாததால் வருவது இயற்பியல் உறக்கம். நீர் உள்ளே போன பின்னும் கருவின் உட்கட்டுப்பாட்டால் வேர் வெளிவராமல் நிற்பது உடலியங்கியல் உறக்கம். கரு முழு வளர்ச்சி பெறாத நிலையிலேயே விதை உதிர்ந்துவிடுவதால் வருவது உருவ உறக்கம். மற்ற இரண்டும் இவற்றின் கலவைகள். தீயைப் பொறுத்தவரை முதல் இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தால் பெரும்பாலான குழப்பம் நீங்கிவிடும். வெப்பம் பெரும்பாலும் முதல் வகையிடம் வேலை செய்கிறது. புகை பெரும்பாலும் இரண்டாம் வகையிடம் வேலை செய்கிறது.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசும் ஒரு நகவெட்டியும் போதும். விதைகளை இரு பங்காக்கி, ஒரு பங்கை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் ஒவ்வொரு விதையின் உறையையும் நகவெட்டியால் மெல்லக் கிள்ள வேண்டும். முளைவேர் இருக்கும் முனையை, அதாவது விதை காம்போடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கத்தை, தொடக்கூடாது. அதற்கு எதிர்முனையில் உள்ளிருக்கும் வித்திலையின் வெளிர்நிறம் ஒரு புள்ளியளவு தெரிந்தால் போதும். இரு பங்குகளையும் எடைபோட்டு, நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, மீண்டும் எடைபோட வேண்டும். நான் எடுத்துக்கொண்ட வாகை விதைகளில் கிள்ளியவை ஏறக்குறைய இரு மடங்கு எடை கூடி, உறை இழுபட்டுப் பருத்துவிட்டன. கிள்ளாதவை ஒன்றிரண்டைத் தவிர, போட்டபடியே கூழாங்கல் போலக் கிடந்தன. இது இயற்பியல் உறக்கம். ஒப்பீட்டுக்காக எடுத்த, பச்சையாக உண்ணும் கீரையான லெட்யூஸின் 'கிராண்ட் ராப்பிட்ஸ்' ரக விதைகளோ, கிள்ளாமலேயே சில மணி நேரத்தில் நீரை உறிஞ்சிவிட்டன. ஆயினும் இருட்டில் வைத்தபோது பெரும்பாலானவை முளைக்கவில்லை. நீர் உள்ளே போயும் விதை அசையவில்லை என்றால் தடை உறையின் நீர்ப்புகாமையில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று பொருள். முற்றிலும் வேறுபட்ட இந்த இரு விதைகளையும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக நிறுத்தித்தான் மற்ற எல்லாச் சோதனைகளையும் அமைத்தேன்.

வெப்பத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையின் பருமனைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாத நீரில் வாகை விதைகளைப் போட்டு, அது தானாக ஆறும்வரை விட்டுவைப்பது நாற்றங்கால்களில் பழகிய முறை. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதில் விதைக்கு எத்தனை டிகிரி வெப்பம் எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதைச் சொல்ல முடியாது. மேலும் அது ஈர வெப்பம், தீயில் விதைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் உலர் வெப்பம். ஆகவே மின்சார ஓவனில் ஓர் உலோகத் தட்டை முன்கூட்டியே சூடேற்றி, விதைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, அவற்றை ஒட்டியே வெப்ப உணரியின் முனையை வைத்து, 60, 80, 100, 120 டிகிரி செல்சியஸ் என நான்கு நிலைகளில் பத்து நிமிடம் வைத்தெடுத்தேன். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பக்கூடாது; தட்டின் மீதுள்ள வெப்பம் அதிலிருந்து கணிசமாக விலகியே இருக்கும்.

60 டிகிரியில் வைத்தவை வெப்பம் படாத விதைகளிலிருந்து வேறுபடவில்லை. 80-இல் ஒரு பகுதி நீரை உறிஞ்சியது. 100-இல் பெரும்பான்மை உறிஞ்சி முளைத்தது. 120-இல் வைத்தவைதாம் கவனிக்க வேண்டியவை: அவை எல்லாவற்றையும்விட விரைவாக ஊறிப் பருத்தன, ஆனால் பெரும்பாலானவற்றில் வேர் வரவேயில்லை, நாளடைவில் கொழகொழத்து அழுகின. பூட்டு திறந்துவிட்டது, உள்ளிருந்தவர் இறந்துவிட்டார். விதை பருத்ததைப் பார்த்தே முளைத்ததாகக் கணக்கெழுதுபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். முளைவேர் உறையை விட்டுச் சில மில்லிமீட்டர் வெளிவந்ததை மட்டுமே முளைப்பு என்று எண்ண வேண்டும். கிழக்கு ஆஸ்திரேலியாவின் 35 அவரைக் குடும்பத் தாவரங்களைப் பற்றி ஆல்ட், ஓ'கானல் ஆகிய இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குடும்பத்து விதைகளில் தீ வெப்பத்தின் விளைவைத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு இன்றும் நல்ல தொடக்கம். உறக்கம் கலையும் வெப்பத்துக்கும் விதை சாகும் வெப்பத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி அகலமானதன்று என்பதை என் தட்டுகளிலும் கண்டேன்.

வெப்பம் உறையில் எங்கே வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்ததுதான் இந்த முயற்சியில் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி. வாகை விதை தட்டையானது, பழுப்பு நிறமுடையது. அதன் இரு முகங்களிலும் குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. நீர் அந்தக் கோட்டின் வழியாகத்தான் நுழையும் என்று பார்த்தவுடன் தோன்றும். அப்படியில்லை. குறுகிய முனையில் தழும்பு இருக்கிறது. அதன் ஒருபுறம் சூல்துளை, மறுபுறம் குண்டூசித் தலையினும் சிறிய ஒரு மேடு. வெப்பம் பட்ட விதைகளை நீலமை கலந்த நீரில் இட்டு, சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒன்றை எடுத்து, நெடுக்கில் பிளந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பார்த்தேன். முதலில் எடுத்தவற்றில் அந்தச் சிறு மேட்டின் கீழ் மட்டும் நீலம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. பின்னர் எடுத்தவற்றில் அது உறையின் உட்புறமாகப் பரவி வித்திலைகளின் ஓரத்தைச் சூழ்ந்திருந்தது. வெப்பம் படாத விதையில் எங்குமே நீலம் இறங்கவில்லை. அந்த மேட்டில் உறையின் பாலிசேட் செல்கள், அதாவது கம்புகளைப் போல் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் செல்கள், மற்ற இடங்களைவிட வலுவற்றவை. வெப்பம் பட்டதும் அவை பிரிந்து, நீருக்கு ஒரு வாயில் உண்டாகிறது. அப்போது வாகையின் பேரினத்தில் சேர்க்கப்பட்டிருந்த ஆஸ்திரேலிய மரம் ஒன்றில் இந்த அமைப்பை பெர்னார்ட் டெல் 1980-இல் விரிவாக விவரித்திருக்கிறார். ஆகவே வெப்பம் உறை முழுவதையும் உடைப்பதில்லை. அதற்கென்றே அமைந்த ஓரிடத்தை மட்டும் திறக்கிறது. கடினமான உறையை உப்புத்தாளில் தேய்ப்பதும் அடர் சல்ஃபூரிக் அமிலத்தில் ஊறவைப்பதும் அதே பலனை வேறு வழியில் தருகின்றன. அமிலத்தைப் பயிற்சி இல்லாதவர்கள் தொடக்கூடாது.

நீர்புகா உறை விதையைத் தூங்கவைப்பதோடு நிற்பதில்லை. தீயிலிருந்து காப்பதும் அதுவே. உலர்ந்த விதை தாங்கும் வெப்பத்தை ஊறிய விதை தாங்காது. இதைச் சரிபார்க்க, கிள்ளி ஊறவைத்த வாகை விதைகளையும் உலர் விதைகளோடு சேர்த்து 80 டிகிரியில் வைத்தேன். ஊறியவற்றில் எதுவும் பிழைக்கவில்லை. மழைக்காலத்தில் மண்ணுக்குள் எல்லா விதைகளும் ஈரத்தை வாங்கிக்கொண்டிருக்கும்போதும், கெட்டி உறை கொண்டது உள்ளே வறண்டே இருக்கிறது. அதனால்தான் எந்தப் பருவத்தில் தீ வந்தாலும் அதற்கு ஒரு வாய்ப்பு மிஞ்சுகிறது.

புகையின் கதை பிந்தியது. புகையே விதைக்கு ஒரு குறிப்பாகச் செயல்படும் என்பதை, தென்னாப்பிரிக்காவின் ஃபின்போஸ் புதர்க்காட்டுச் செடியான ஆடௌனியா கேப்பிடாட்டாவைக் கொண்டு டி லாங்கே, பௌச்சர் ஆகியோர் 1990-இல் காட்டினார்கள். புகையில் உள்ள ஆயிரக்கணக்கான சேர்மங்களுள் எது அந்த வேலையைச் செய்கிறது என்ற தேடல் 2004-இல் ஒரு முடிவுக்கு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கேவின் ஃபிளமாட்டியும் உடன் ஆய்வாளர்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள், தென்னாப்பிரிக்காவிலும் ஒரு குழு தனியாக அதே பொருளைக் கண்டறிந்தது. செல்லுலோஸ் எரியும்போது உண்டாகும் அந்தச் சேர்மமும் அதன் உறவுப் பொருள்களும் காரிக்கின்கள் எனப்படுகின்றன. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே அவை விதையை எழுப்பவல்லவை. புகையில் செயல்படுவது அது ஒன்று மட்டும் அன்று. கலிபோர்னியாவின் சப்பரல் புதர்நிலத்தில் தீக்குப்பின் முளைக்கும் எம்மெனாந்தே பெண்டுலிஃபுளோரா என்ற சிறுசெடியில் நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவே போதும் என்று கீலி, ஃபோதரிங்ஹாம் ஆகியோர் 1997-இல் காட்டினார்கள்.

புகைநீர் தயாரிப்பது எளிது, ஆனால் நாற்றமடிக்கும் வேலை. மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் உலர்ந்த புல்லையும் சிறிது பச்சைத் தழையையும் கலந்து கனலவிட்டு, மூடியில் பொருத்திய உலோகக் குழாய் வழியாக வரும் புகையைச் சிறு காற்றுப்பம்பால் ஒரு லிட்டர் நீருக்குள் குமிழியிடச் செய்தேன். சுவாலை எழக்கூடாது; கனன்று புகைவதே தேவை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. வடிதாளில் வடித்து, சிறு புட்டிகளில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் தனியாக வைத்தேன். திறந்தவெளியில், முகக்கவசத்தோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வண்ணம் பூசிய மரம், நெகிழி, பூச்சிமருந்து பட்ட தாள் எதுவும் டப்பாவுக்குள் போகக்கூடாது.

இந்த நீர் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை அறியத்தான் லெட்யூஸ். கிராண்ட் ராப்பிட்ஸ் விதை முளைக்க ஒளி வேண்டும்; சிவப்பொளி அதை எழுப்புவதையும் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளி அந்த விளைவை அழிப்பதையும் 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் போர்த்விக் குழுவினர் இந்த ரகத்தைக் கொண்டே நிறுவினார்கள். அதே விதையை ஒளியின்றிப் புகைநீரால் முளைக்கவைக்கலாம் என்பது 1995-இல் தெரியவந்தது. ஆகவே இருட்டில் முளைக்கும் லெட்யூஸ், புகைநீரின் வீரியத்தைக் காட்டும் நல்ல அளவுகோல். மூன்று விஷயங்களில் கண்டிப்பு தேவை. விதையை நனைப்பதிலிருந்து தட்டைத் திறந்து எண்ணுவதுவரை ஒளி படவே கூடாது. நனைந்த விதைக்கு ஒரு நொடி வெளிச்சம்கூட முடிவை மாற்றிவிடும். அறையின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, போனால் வேறு காரணத்தால் முளைப்பு தடைப்படும். உருண்டையாகப் பூச்சிட்ட விதைகளும் விற்பனைக்கு முன்பே நேர்த்தி செய்யப்பட்ட விதைகளும் ஒளித்தேவையை இழந்திருக்கக்கூடும் என்பதால், வெறும் நீரில் இருட்டில் முளைக்காமல் நிற்கும் தொகுதியை முதலில் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரி தட்டுகளில் வடிதாள் விரித்து, புகைநீரை அப்படியேயும், பத்தில் ஒன்றாகவும், நூறில் ஒன்றாகவும், ஆயிரத்தில் ஒன்றாகவும் கலந்து ஊற்றி, கறுப்புத் தாளில் இரட்டையாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். நீர்க்காத புகைநீரில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. பத்தில் ஒன்றில் சில முளைத்தன, ஆனால் வேர்நுனி பழுப்பேறிக் குட்டையாக இருந்தது. நூறில் ஒன்றில் முளைப்பு ஒளியில் வைத்த தட்டுக்குச் சமமாக வந்தது. ஆயிரத்தில் ஒன்றிலும் வெறும் நீரைவிடத் தெளிவாக அதிகம். புகையில் ஊக்கும் பொருளும் தடுக்கும் பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. நீர்க்க நீர்க்கத் தடுப்பது முதலில் வலுவிழக்கிறது, ஊக்குவது மிகக் குறைந்த அளவிலும் நிலைக்கிறது. புகைநீரால் பலனில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மடங்கு நீர்த்தார்கள் என்பதைத்தான்.

பிறகு இரண்டையும் மாற்றிப் போட்டேன். வாகை விதையை எல்லாச் செறிவிலும் புகைநீரில் ஊறவைத்தேன். அது நீரையே வாங்காதபோது அதில் கரைந்ததை எப்படி வாங்கும்? ஒன்றும் நடக்கவில்லை. வெப்பத்தால் திறந்த வாகை விதைக்குப் புகைநீர் கொடுத்தபோதும் வெறும் நீரைவிடக் கூடுதல் பலனில்லை. அதற்குத் தடை உறை ஒன்றே. லெட்யூஸ் உலர்விதையை 80 டிகிரியில் வைத்து இருட்டில் நனைத்தேன், முளைப்பு கூடவில்லை. எல்லாத் தாவரங்களும் இப்படித் தெளிவாக இரு பக்கம் பிரிந்து நிற்பதில்லை: ஆஸ்திரேலியாவின் சிட்னி வட்டாரத்தில் வளரும் கிரெவில்லியா என்ற புதர்ச்செடி இனங்கள் சிலவற்றில் வெப்பமும் புகையும் ஆகிய இரண்டுக்குமே பங்கு உண்டு. லெட்யூஸ் தீநிலத்துச் செடி அன்று என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். காரிக்கினை உணரும் புரதம் தீயையே காணாத தாவரங்களிலும் இருக்கிறது. எனவே ஒரு விதை புகைக்கு முளைத்தது என்பதை மட்டும் வைத்து அது தீக்குப் பழகிய இனம் என்று முடிவு செய்ய முடியாது.

கடைசியாக உண்மையான தீ. ஓரடி ஆழமுள்ள இரும்புத் தொட்டியில் உலர்ந்த மணல்கலந்த மண்ணை நிரப்பி, நுண்ணிய துருப்பிடிக்காத கம்பிவலைப் பைகளில் வாகை விதைகளை இட்டு, மண்பரப்பிலும் 1, 2, 5 சென்டிமீட்டர் ஆழங்களிலும் புதைத்து, ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு வெப்ப உணரியைச் செருகினேன். ஒரு தொட்டியில் உலர்புல்லை மட்டும் எரித்தேன். பரப்பின் உணரி சட்டெனச் சில நூறு டிகிரிக்கு ஏறி அதே வேகத்தில் இறங்கியது. 2 சென்டிமீட்டரில் வெப்பம் ஏறக்குறைய அசையவேயில்லை. மண் அவ்வளவு மோசமான வெப்பக்கடத்தி. மற்றொரு தொட்டியில் விரல்பருமன் சுள்ளிகளை அடுக்கி எரித்தேன். இங்கே சுவாலை அடங்கிக் கங்கு மட்டும் கிடந்த நேரத்தில்தான் 2 சென்டிமீட்டரின் எண் ஏறத் தொடங்கியது; மேலே எல்லாம் ஆறிக்கொண்டிருக்கையில் கீழே வெப்பம் இன்னும் கூடிக்கொண்டிருந்தது. சுவாலையின் உயரத்தைப் பார்த்துத் தீயின் கடுமையை மதிப்பிடுவது விதையைப் பொறுத்தவரை பயனற்றது. எவ்வளவு எரிபொருள் தரையிலேயே கிடந்து எவ்வளவு நேரம் கனன்றது என்பதே கணக்கு. ஈரமண்ணில் மீண்டும் செய்தபோது நீர் ஆவியாகித் தீரும்வரை வெப்பம் 100 டிகிரிக்குக் கீழேயே நின்றது.

சுள்ளித் தொட்டியில் பரப்பிலிருந்த விதைகள் கரியாகின. 1 சென்டிமீட்டரில் இருந்தவற்றுள் பல ஊறி அழுகின. 2 சென்டிமீட்டர்ப் பை முளைத்து நிறைந்தது. 5 சென்டிமீட்டரில் இருந்தவை ஊறாமல் அப்படியே இருந்தன. புல் தொட்டியில் பரப்பு விதைகள் சில மட்டுமே முளைத்தன. தீயால் எழுப்பப்படும் விதைகள் மண்ணில் ஒரு மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. அந்த அடுக்கு எரிபொருளைப் பொறுத்து மேலும் கீழும் நகர்கிறது. இதைப் படித்துவிட்டு எவரும் காட்டுக்கோ புல்வெளிக்கோ தீ வைக்க நினைக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒருமுறை எழுந்த நாற்று பூத்துக் காய்த்து மண்ணுக்கு விதையைத் திருப்பித் தரும் முன்னரே அடுத்த தீ வந்தால், தீயை நம்பி வாழும் இனம்கூட அந்த இடத்திலிருந்து இல்லாமல் போய்விடும்.

எரிந்த தொட்டியின் மேல் நீரைத் தெளித்து, அடியில் வடிந்ததைப் பிடித்து, பத்து மடங்கு நீர்த்து, அதில் லெட்யூஸை இருட்டில் வைத்தேன். எரிக்காத மண்ணின் வடிநீரைவிட அதில் தெளிவாக அதிகம் முளைத்தது. இதை முழுவதும் காரிக்கினின் கணக்கில் எழுதிவிட முடியாது; தீக்குப்பின் மண்ணில் கூடக்கூடிய நைட்ரேட்டும் இந்த விதையை ஊக்கும், சாம்பலின் காரமும் உப்பும் அதைத் தடுக்கும். மூன்றும் சேர்ந்த விளைவையே தட்டு காட்டுகிறது.

5 சென்டிமீட்டர்ப் பையிலிருந்து எடுத்த விதைகளை நகவெட்டியால் கிள்ளி நனைத்தபோது ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. கிள்ளாமல் மிச்சம் வைத்தவற்றை இரு பங்காக்கி, ஒன்றை எரிந்து கறுத்த வெறும் மண்ணிலும் மற்றதைச் சருகு மூடிய மண்ணிலும் 1 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, இரண்டின் பகலிரவு வெப்பத்தையும் பதிவாகும்படி விட்டிருக்கிறேன். சுவாலையும் கங்கும் எட்டாத விதைகளை, நிழல் போன தரையின் அன்றாட வெயில் மட்டுமே திறக்கிறதா என்பதை அந்தப் பைகள் காட்ட வேண்டும்.